தாமோதரன் கட்சிக் கண்டக்டர்

கண்டக்டர் கருத்தக்கண்ணன் வாரப் பத்திரிகையை மடியில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் குத்தியிருக்கும் கம்பிகளைக் கட்டைவிரல் நகத்தால் நிமிர்த்துவார். தொடர்கதை அச்சாகியிருக்கும் தாள்களை மட்டும் கிழியாமல் உருவி எடுப்பார். கம்பிகளை மறுபடி மடக்கிப் பத்திரிகையை டிரைவர் விருமாண்டியிடம் கொடுத்துவிடுவார். விருமாண்டிக்குச் சிரிப்புத் துணுக்குகள் போதும். உருவிய தாள்களை நீளவாக்கில் மடித்து, ரூபாய் நோட்டுகளோடு சேர்த்து இடது கை விரலிடுக்கில் செருகிக்கொண்டு எழுந்து நின்றார் என்றால், அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்குப் போகும் காலை பஸ் புறப்படப்போகிறது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைதோறும் இதைப் பார்த்திருக்கிறேன்.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதாம் வருடங்கள். நான் சிம்மக்கல் பக்கம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் வேலை பார்த்தேன். நர்சிங் உதவிப் பயிற்சி முடித்தவள், வீடு அலங்காநல்லூர். தொடர்கதை படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. யாரோ ஒருத்திக்குக் கல்யாணம் ஆகுமா ஆகாதா என்று தெரிந்துகொள்ள வாராவாரம் காத்திருப்பானேன் என்று நினைப்பவள். ஆனால் அந்த பஸ்ஸில் கதை காதில் விழாமல் மதுரை போய்ச் சேர முடியாது.

பத்திரிகை வியாழக்கிழமை சாயங்காலம் மதுரைக் கடைகளுக்கு வரும். கருத்தக்கண்ணன் அன்று கடைசி நடையின்போது வாங்கிவிடுவார். அந்த பஸ் இரவு அலங்காநல்லூரில் தங்குகிற பஸ். டீக்கடை வெளிச்சத்தில் படித்து முடித்து, காலையில் பஸ்ஸில் சொல்வார். காய்கறிக் கூடைகளோடும் தயிர்ப் பானைகளோடும் ஏறுகிற பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. மீதிப் பேருக்குப் படிக்க நேரம் கிடையாது. அவர்களுக்கு அந்தக் கதை என்றால் கருத்தக்கண்ணன் வாயிலிருந்து வருவதுதான்.

கதை இவ்வளவுதான். மெட்ராஸில் வைஜயந்தி என்று ஒரு டைப்பிஸ்ட். சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள். ஒரு பெண் குழந்தை. கார் வைத்திருக்கிற டாக்டர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அவள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஒரு அச்சகம். அங்கே ஃபோர்மன் தாமோதரன். அவனும் மனதில் வைத்திருக்கிறான், வாய் திறப்பதில்லை. எழுதுகிற அம்மாள் யாரோ மெட்ராஸ்காரி.

பஸ்ஸில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. முன் இருக்கையில் உட்காருகிற பள்ளிக்கூடத்து டீச்சர் டாக்டர் கட்சிக்குத் தலைமை. தாமோதரன் கட்சிக்குக் கண்டக்டரே தலைமை. தொகுதி முழுக்க அவர் பக்கம்தான். காரணம், சத்தம் போடுவதில் மூன்று பேருக்குச் சமமான ஒச்சாயி அவர் கட்சி. ஒச்சாயி கத்தரிக்காய் வியாபாரம் செய்கிறவள்.

கதை தொடங்கிய புதிதில் நடந்த பேச்சு இது.

"ஏன் தம்பி, அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"இருபத்தஞ்சு இருக்கும் ஆத்தா."

"பெறகு என்ன ரோசனை அவளுக்கு? அறுத்துக் கட்டிக்கிற வேண்டியதுதான?"

"அவுகள்ல அந்த வழக்கம் இல்லையாம் ஆத்தா. ஊரு பேசுமாம்."

"ஊரு பேசுமா! ஊரு வந்தா அவ பிள்ளைக்குக் கஞ்சி ஊத்துது? எங்க நாத்தனா ரெண்டு தடவை கட்டுனவ. எந்த ஊரு என்னத்தப் பேசுச்சு?"

டீச்சர் திரும்பிப் பார்த்து, "இது உங்க ஊர்க் கதை இல்லைங்க. அவ மனசுக்குள்ள ஒரு போராட்டம் இருக்கு. அதைத்தான் எழுதுறாங்க" என்றார்.

"போராட்டம் பண்ற நேரத்துல ஒரு புருசனப் பாத்திருக்கலாம் டீச்சரு" என்றாள் ஒச்சாயி.

இந்தப் பக்கத்துக் குடியானவர்களில் கைம்பெண் மறுபடி கட்டிக்கொள்வது வெகுகாலமாக இருக்கிற வழக்கம். தாலியைத் தீர்த்துவிட்டு வந்தவளும் கட்டிக்கொள்வாள். அதனால் வாராவாரம் வைஜயந்தி ஜன்னலோரம் நின்று கண்ணீர் விடுவது அவர்களுக்கு விளங்கவே இல்லை. விளங்காத இடத்தையெல்லாம் கருத்தக்கண்ணன் தம் சொந்தச் சரக்கால் நிரப்பினார்.

நிரப்பத்தான் வேண்டியிருந்தது. பத்திரிகையில் வருவது நாலு பக்கம். மதுரைக்குப் பயணம் முக்கால் மணி நேரத்துக்கும் மேல். அச்சில் தாமோதரன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாடிப்படியில் எதிர்ப்படுவான், தலையைக் குனிந்துகொண்டு போவான். பஸ்ஸில் வந்த தாமோதரன் அப்படி இல்லை. குழந்தைக்கு ஆரஞ்சு வாங்கி வந்தான். மழையில் ஒழுகிய கூரைக்கு ஓடு மாற்றினான். வீட்டுக்காரன் வைஜயந்தியைக் காலி செய்யச் சொன்னபோது சட்டையைப் பிடித்தான். வெள்ளிக்கிழமை மட்டும் என்றிருந்தது திங்கள், செவ்வாய்க்கும் நீண்டது.

"கண்டக்டர், நானும் இந்தப் பத்திரிகை வாங்குறேன். ஓடு மாத்துனதெல்லாம் இதுல இல்லையே?" என்று டீச்சர் ஒருநாள் கேட்டார்.

"இருக்கு டீச்சர். வரிக்கு நடுவுல இருக்கு. மெதுவாப் படிங்க."

பஸ்ஸே சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு வாரம் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டார். மூன்றாம் நாளே தண்ணீர் ஊற்றித் தாமோதரன் அதைப் பொருட்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் சும்மா இருக்கவில்லை. "கொப்புளம் காஞ்சு பக்கு விழணும். அதுக்குள்ள பொருட்காட்சிக்குப் போனா மெட்ராஸ் முழுக்க அம்மை பரவும்" என்றேன். மறுநாள் காலையில் கருத்தக்கண்ணன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நேத்துச் சொன்னதுல ஒரு திருத்தம். நர்சம்மா சொல்லிட்டாக. பிள்ளை இன்னும் வீட்லதான் இருக்கு. வேப்பிலை போட்டுப் படுக்க வச்சிருக்காக" என்று அறிவித்தார். அதற்குப் பிறகு காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதை வைப்பதானாலும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் வைத்தார்.

அச்சில் வந்ததைவிட பஸ்ஸில் வந்த கதை நன்றாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஆட்களுக்குப் பசித்தது, உடம்புக்கு வந்தது, கூரை ஒழுகியது. எழுதினவர் ஒரு மாதிரி எழுதுவார். கேட்பவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்வார்கள். அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சேர்த்துக்கொண்டவர் கதையை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் வில்லங்கம் வந்தது.

அலங்காநல்லூரைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் சின்னத்தாய் ஏறுவாள். கீரைக்கட்டும் வெள்ளரிப்பிஞ்சும் சுமந்து வந்து செல்லூர்த் தெருக்களில் விற்பாள். கிணறு வெட்டும்போது வெடி தவறி அவள் புருஷன் செத்துப் போயிருந்தான். ஒரு பெண் குழந்தை. அண்ணன் முத்திருளன் வீட்டில் இருந்தாள். பஸ்ஸில் எல்லாப் பெண்களும் கண்டக்டரை அண்ணே என்பார்கள், தம்பி என்பார்கள். சின்னத்தாய் ஒருத்திதான் எந்த முறையும் வைத்துக் கூப்பிடமாட்டாள். கையை நீட்டி டிக்கெட் வாங்கிக்கொள்வாள். முத்திருளனுக்கு இவர் மச்சான் முறை வேண்டும் என்று ஒச்சாயி எப்போதோ விசாரித்து வைத்துவிட்டாள்.

கருத்தக்கண்ணனுக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. மதுரையில் தமையன் குடும்பத்தோடு இருந்தார். கட்டிக்கொள்ளவில்லை. கையில் அந்தத் தாள் இருந்தால் பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசுவார். தாள் இல்லாத நேரத்தில் ஒரு பெண்ணிடம் டிக்கெட் என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. அதனால் சின்னத்தாயோடு அவர் பேசியதெல்லாம் கதையை வைத்துத்தான். அவளும் அப்படியே பேசினாள்.

"அந்தத் தாமோதரன் வீட்ல பெரியவுக இருக்காகளா?" என்று கேட்பாள்.

"ஒரு அண்ணன் இருக்காரு. நல்ல மனுசன். மறுப்புச் சொல்லமாட்டாரு."

"பொம்பளைப் பிள்ளை ஒண்ணு இருக்குன்னு தெரியும்ல அவுகளுக்கு?"

"தெரியாமலா? அந்தப் பிள்ளைக்குச் சேத்துத்தான தாமோதரன் மெத்தை தைக்கக் குடுத்திருக்கான்."

மெத்தை தைக்கக் கொடுத்தது அச்சில் இல்லை என்று டீச்சர் முணுமுணுப்பார். ஒச்சாயி பின்னாலிருந்து, "தம்பி, அந்தத் தாமோதரனுக்கு மீசை உண்டா?" என்பாள்.

"உண்டு ஆத்தா."

"தோள்ல தோல்பையி?"

"அச்சாபீசுல எதுக்கு ஆத்தா தோல்பை?"

"இல்ல, இருந்தாலும் இருக்கும்னு கேட்டேன். ஏய் சின்னத்தாயி, நீ ஏன் இப்பத் தலையக் குனியிற?"

விருமாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டே, "மாப்ள, கடைசியில கல்யாணச் சாப்பாடு மெட்ராஸ்லயா அலங்காநல்லூர்லயா?" என்பார். கருத்தக்கண்ணன் முகம் சிவக்க விசிலை ஊதுவார். யாரும் இறங்காத இடத்தில் வண்டி நிற்கும்.

இப்படி ஒரு வருடம் ஓடியது. எழுபத்தொன்பது ஆடியில் விஷயம் நெருக்கடிக்கு வந்தது. முத்திருளன் தங்கைக்கு ஒரு இடம் பார்த்திருந்தான். உசிலம்பட்டிப் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கிறவர். மனைவி இறந்தவர். மூன்று பிள்ளைகள். வயது ஐம்பதை எட்டியிருக்கும். ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் முடித்துவிட வேண்டும் என்று அவர்கள் அவசரப்பட்டார்கள். ஆடி முடிவதற்குள் சின்னத்தாய் சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். குழந்தையின் காதில் சீழ் வடிகிறதென்று என்னிடம் அழைத்து வந்தபோது அவளே இதைச் சொன்னாள்.

"அண்ணன் விரட்டலை. ஆனா மதினிக்கு நான் இருக்கிறது பாரம். வேற இடம் இருந்தாச் சொல்லுங்குது அண்ணன். நான் என்னன்னு சொல்ல? கேக்காத ஆளை எப்படிக் காட்ட?"

மறுநாள் காலையில் பஸ் நிறையும்முன் கருத்தக்கண்ணனிடம் நேராகவே சொன்னேன்.

"சூளைக்காரருக்குக் குடுக்கப்போறாங்க. உங்களுக்கு மனசு இருந்தா முத்திருளனைப் போய்ப் பாருங்க. கதை பேசிக்கிட்டிருக்காதீங்க."

அவர் பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார். பிறகு, "தெரியும் நர்சம்மா. இன்னும் ஒரு வாரம்தான். வெள்ளிக்கிழமை கதை முடியிது. போன வாரமே அடுத்த இதழில் முற்றும்னு போட்டுட்டாக. வைஜயந்தி தாமோதரனைக் கட்டிக்கிருவா. அன்னைக்கு பஸ்ல எல்லாத்துக்கும் லட்டு வாங்கித் தாரேன். அந்தக் கையோட சின்னத்தாயியையும் கேட்டுருவேன்" என்றார்.

"அவ கட்டிக்கலைன்னா?"

"யாரு, வைஜயந்தியா? கட்டாம எங்க போவா? ஒரு வருசமாப் படிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

மருந்தைக் கையில் கொடுக்கலாம். விழுங்குவது அவரவர் பாடு. நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட என்னிடம் வருவார். அப்போதும் தனிக்கட்டைதான். ஏன் அப்படிக் காத்திருந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பூக்கட்டிப் பாக்குற மாதிரி நர்சம்மா. சாமி முன்னால பூவைப் பொட்டலம் கட்டிப் போட்டு, வெள்ளை வந்தா நல்லது, சிவப்பு வந்தா வேணாம்பாகள்ல. நான் சாமிகிட்டப் போடுறதுக்குப் பதிலா அந்தக் கதை எழுதுன பொம்பளைகிட்டப் போட்டுட்டேன்" என்றார். பிறகு புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிற அளவுக்கு அந்தப் புண்ணில் ஒன்றுமில்லை, ஆறிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆடிக் கடைசி வெள்ளி. பஸ் வழக்கத்தைவிட நெரிசல். அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போகிறவர்கள், மஞ்சள் சேலைக்காரர்கள் எல்லாரும் ஏறியிருந்தார்கள். கருத்தக்கண்ணன் கையில் தாள் இருந்தது. முகம் நன்றாக இல்லை. லட்டு எதுவும் கண்ணில் படவில்லை.

சின்னத்தாய் ஏறினாள். கூடையை இறக்கிவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றாள். அன்றைக்குத் தலையில் பூ வைத்திருந்தாள்.

"சொல்லு தம்பி, எங்க வச்சுத் தாலி கட்டுனாக?" என்றாள் ஒச்சாயி.

"கட்டலை ஆத்தா."

"என்னது?"

"யாரையும் கட்டலை. டாக்டரையும் கட்டலை, தாமோதரனையும் கட்டலை. செத்த புருசன் படத்துக்கு முன்னால நின்னு, இனிமே எனக்கு ஊரு பிள்ளைகதான் பிள்ளைகன்னு சொல்லிட்டு, குன்னூர்ல அநாதை ஆசிரமத்துக்கு வேலைக்குப் போயிட்டா. ரயில்ல ஏறிட்டா. முடிஞ்சுபோச்சு."

"தாமோதரன்?"

"அவன் பிளாட்பாரத்துல நிக்கான். அம்புட்டுதான். கடைசி வரி அதுதான்."

பஸ்ஸில் ஒரே கூச்சல். மெட்ராஸ்காரிக்குக் கண்ணவிஞ்சு போச்சா என்றாள் ஒருத்தி. ஒரு வருசம் கூப்பிட்டுவச்சு ஏமாத்திப்புட்டாளே என்றாள் இன்னொருத்தி. டீச்சர்கூட, "எனக்கும் ஏமாற்றம்தான். டாக்டர் என்ன குறைச்சல்?" என்றார். கருத்தக்கண்ணன் தாளை உதறி உதறிப் பேசினார். "நான் தப்பாச் சொல்லலை. இந்தா பாருங்க, எழுத்து இருக்கு. என் கையில இருந்தா இப்படி முடிச்சிருப்பனா?" என்று ஒவ்வொரு இருக்கையாகக் காட்டிக்கொண்டு வந்தார். எழுத்துத் தெரியாதவர்களிடமும் காட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. பெற்றவர்களை இழந்தவர்கள்கூட அவ்வளவு ஆவேசப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஓடு மாற்றினவரும் மெத்தை தைக்கக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு ரயிலை நிறுத்தி அவளை இறக்குவதற்கு அவருக்கு அரை நிமிடம் போதும். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். அன்றைக்கென்று பார்த்து அச்சில் இருந்ததை அப்படியே சொன்னார்.

சின்னத்தாயிடம் டிக்கெட் கிழிக்க வந்தபோது அவள் கேட்டாள்.

"அப்ப அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். எழுதுனவளே முடிச்சுட்டாளே. இனி என்ன இருக்கு?"

அவள் சில்லறையைக் கொடுத்தாள். அவர் அதே மூச்சில் அடுத்த இருக்கைக்குத் திரும்பி, "இவளுக்கு எவன் இனிமே பத்திரிகை வாங்குவான்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை அவள் பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை மறுபடி முன்னால் வந்தாள். அன்று கருத்தக்கண்ணன் முழுத்தாள் ஒன்றில் பத்திரிகை ஆசிரியருக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுத வேண்டும் என்று அலங்காநல்லூர் வட்டார வாசகர்கள் கேட்டுக்கொள்கிறார்கள் என்று தலைப்பு.

"இனி அந்தத் தாமோதரன் என்ன செய்வாராம்?" என்று சின்னத்தாய் கேட்டாள்.

"என்ன செய்வான், பாவம். ஆனா விடமாட்டேன். இதை எழுதிப் போடப்போறேன்."

"போட்டா?"

"மாத்துனாலும் மாத்துவாக. நம்மளை மாதிரி எம்புட்டுப் பேரு எழுதுவாக!"

"எத்தனை நாளாகும்?"

"ஒரு மாசம், ரெண்டு மாசம் ஆகும். அவுக படிச்சுப் பாக்கணும்ல."

"அம்புட்டு நாளைக்கு அவ எங்க நிப்பா?" என்றாள்.

"யாரு, வைஜயந்தியா? அவதான் குன்னூர் போயிட்டாளே."

சின்னத்தாய் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். செல்லூர் வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அதற்கப்புறம் நான் அவளை அந்த பஸ்ஸில் பார்க்கவில்லை.

கருத்தக்கண்ணன் விண்ணப்பத்துக்கு ஆதரவு திரட்டினார். டிப்போவிலிருந்து மைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஒச்சாயி கைநாட்டு வைத்துவிட்டு விரலைத் தன் கத்தரிக்காயில் துடைத்தாள். டீச்சர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் டாக்டர் தரப்பு என்று எழுதினார். "எங்க ஆளுக்கும்தான் அநியாயம் நடந்திருக்கு" என்றார். விருமாண்டி, "மாப்ள, அவளை எனக்குக் கட்டி வச்சாலும் சம்மதம்னு எழுது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்னிடமும் நீட்டினார்கள். கதையை எழுதினவர் தம் இஷ்டப்படி முடித்துவிட்டுப் போகிறார், அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று சொல்லி நான் போடவில்லை. அதற்காக இரண்டு நாள் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேறு நினைப்பே இல்லை. சின்னத்தாய் வராததைக் கவனித்திருந்தார். கதை இப்படி முடிந்ததில் தம்மைப் போலவே அவளுக்கும் கோபம், அதனால் வரவில்லை என்று நினைத்தாராம். பின்னால் அவரே சொன்னது.

ஆவணி பிறந்துவிட்டது. முதல் முகூர்த்தத்துக்கு அடுத்த நாள் மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒச்சாயியிடம் வந்தார்.

"ஆத்தா, இன்னும் ஒரு கைநாட்டுதான் பாக்கி. சின்னத்தாயியை எங்க காணோம்? நம்ம கட்சியில அவ இல்லாம எப்படி?"

ஒச்சாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எப்போதும் கத்திப் பேசுகிறவள் அன்று சத்தம் போடவில்லை. அவளுக்கு முன் இருக்கையில் இருந்த எனக்குக் கேட்டது, அவ்வளவுதான்.

"அவ கழுத்துல நேத்துத் தாலி ஏறிருச்சுடா. உசிலம்பட்டிக்குப் போயிட்டா, பிள்ளையையும் கூட்டிக்கிட்டு."

"யாரு?"

"யாருன்னு கேளு. வெள்ளிக்கிழமை கேட்டா உன்கிட்ட. திங்கக்கிழமையும் கேட்டா. அம்புட்டுதான்னு சொன்ன. வீட்டுக்குப் போயி அவ அண்ணன்கிட்டச் சரின்னு சொல்லிட்டா. நீ பேப்பர்ல இருக்கவளுக்குத் தாலி கட்டி வைக்க ஊரெல்லாம் கைநாட்டு வாங்கிக்கிட்டுத் திரியிற."

"நான் கதையைத்தான் ஆத்தா சொன்னேன்."

"அவ கதையவா கேட்டா?"

கருத்தக்கண்ணன் மைப்பெட்டியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து மூடினார். பெருவிரலெல்லாம் ஊதா. அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்களுக்கு அந்த விரலோடுதான் டிக்கெட் கிழித்தார். அவர் முகத்தைப் பார்த்தோ என்னவோ, வைகைக் கல்பாலம் வரைக்கும் பஸ்ஸில் யாரும் கதை கேட்கவில்லை. மீதிச் சில்லறையை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தார். அவரவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

நான் இறங்கும்போது என்னிடம், "நர்சம்மா, அந்தாளு நல்லவருதானா?" என்று கேட்டார்.

"சூளைக்காரரா? விசாரிச்சேன். குடி கிடையாது. பிள்ளையைப் படிக்க வைக்கிறேன்னு சொல்லியிருக்காராம்."

"சரி" என்றார்.

நான் விசாரித்துத்தான் வைத்திருந்தேன். பொய் சொல்லவில்லை. சின்னத்தாய் அங்கே பட்டினி கிடக்கவில்லை. அடி உதை வாங்கவில்லை. சிரித்துப் பேசினாளா என்றால் எனக்குத் தெரியாது. சில வருடங்கள் கழித்து, தன் மகளின் பிரசவத்துக்கு எங்கள் நர்சிங் ஹோமுக்கு வந்திருந்த உசிலம்பட்டிப் பெண் ஒருத்தி, சூளைக்காரர் வீட்டுச் சின்னத்தாய் ஆள் ரொம்பப் பேசமாட்டாள் என்று சொன்னாள். பஸ்ஸில் அத்தனை கேள்வி கேட்ட பெண்ணா என்று நினைத்துக்கொண்டேன்.

கதைகளில் ஜோடி சேர்க்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் மாதிரிதான் அவர்களும். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள், சண்டை போடுவார்கள், எல்லாம் பிரியத்தில்தான். ஆனால் வைஜயந்திக்கு யாரும் சோறு போட வேண்டியதில்லை. ஆவணி பிறந்தால் அவள் வீட்டை விட்டுப் போக வேண்டியதும் இல்லை. அவளை அடுத்த வருடம்கூடக் கட்டி வைக்கலாம். கருத்தக்கண்ணன் மாதிரி நல்ல மனிதர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டாரே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை.

மறுநாள் காலையில் அவர் எங்கள் பஸ்ஸில் வரவில்லை. பிற்பாடு விருமாண்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். முதல் நாள் கடைசி நடைக்கு வராமல் மதுரையிலேயே தங்கிவிட்டிருக்கிறார். பலர் கைநாட்டும் கையெழுத்தும் போட்டுத் தந்த தாளைக் கிழிக்கக் கூடாது என்று சொல்லி, விடிந்ததும் தபால்தலை ஒட்டி விண்ணப்பத்தைப் பெட்டியில் போட்டிருக்கிறார். அங்கிருந்து டிப்போவுக்குப் போய், வேறு வழித்தடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஏன் என்றதற்கு, இரவில் வெளியூரில் தங்க முடியவில்லை, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம். பஸ் நிலையத்திலிருந்து வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போய்த் திரும்புகிற டவுன் பஸ்ஸுக்குக் கண்டக்டர் ஆள் தேவைப்பட்டது. அதில் ஏறியவர்கள் இரண்டு மூன்று நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. அதையே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அன்று காலையே ஏறி டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தார்.